முருங்கைக்காய்ச் சண்டை

எண்பதுகளில், மார்பில் கட்டி என்று சேலத்தில் ஆபரேஷன் செய்து, வலது மார்பையே எடுத்துவிட்டு என்னைப் பென்னாகரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். "தினமும் சுவத்தைப் பிடிச்சு வலக்கையை மேல மேல ஏத்தணும்மா. இல்லேன்னா தோள் இறுகிப்போயிரும்" என்றார் டாக்டர். தோள் உயரம் போவதற்குள் உயிர் போகும். அழுதுவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

அந்த நேரம் பார்த்துதான் பக்கத்து வீட்டு ஹபீபா எங்கள் முருங்கைக்காயைத் திருட ஆரம்பித்தாள். மதில் தகராறில் எனக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கைக்கெட்டும் காய்களைக் காணோம். வந்த கோபத்தில் வலியாவது ஒன்றாவது! மிச்சத்தையாவது காப்பாற்ற, அவளைத் திட்டிக்கொண்டே எட்டி எட்டிப் பறித்தேன். அவள் கீழ்க்கிளைகளை மொட்டையடிக்க அடிக்க, என் கை மேலே போனது.

ஒருநாள் தலைக்கு மேலே தொங்கிய காயைப் பறித்துவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஹபீபாவின் தலை தெரிந்தது.

"அப்பாடா, கை மேல வந்துருச்சுங்களா? எங்க வூட்டுல முருங்கக்கா கொழம்பே வேணாம்னு அழுவறாங்க. டாக்டர் சொன்னத உங்க வூட்டுக்காரரு சொன்னாருங்க. சொவத்தப் புடிச்சு நீங்க கை தூக்க மாட்டீங்க, சண்டைக்குன்னா தூக்குவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

ஹபீபா கூரை ஓட்டைத் தொடும் உயரம். அவள் ஏன் கீழ்க்காய்களை மட்டும் பறித்தாள் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

அதற்குப் பிறகும் அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. நானும் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால், அவள் பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் திட்டினேன்.