ஓ.ஜி.யா, சர்ஜரியா: தியேட்டரில் ஒன்பது நாள்

ஆபரேஷன் தியேட்டரில் என் வேலை எண்ணுவது. ரத்தம் ஒற்ற வயிற்றுக்குள் வைக்கும் துணிக்கு எங்கள் பேச்சில் மாப் என்று பெயர். உள்ளே போனது எத்தனையோ அத்தனையும் வெளியே வந்த பிறகுதான் டாக்டர் தையல் போடலாம். என்னைப் போல் நின்று எண்ணியே கால் வீங்கியவர்களுக்கு எங்கள் டியூட்டி டாக்டர் கண்மணியின் கதை பிடிக்கும். மேல்படிப்புக்குப் பிரசவம் பார்க்கும் ஓ.ஜி.யை எடுப்பதா, சர்ஜரியை எடுப்பதா? நுழைவுத் தேர்வில் அவர் எடுத்த ரேங்க்குக்கு இரண்டும் கிடைக்கும். முதல் விருப்பத்தை ஆன்லைனில் பதிந்து, இனி மாற்ற முடியாதபடி பூட்ட ஒன்பது நாள் அவகாசம்.

பதினெட்டில் அழுதது

முதல் நாள் ஒரு சிசேரியன். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. வெளியே எடுத்து நான் மனசுக்குள் பதினேழு எண்ணும்வரை சத்தமில்லை, பதினெட்டில் அழுதது. மாஸ்க்குக்கு மேலே கண்மணி டாக்டரின் கண்ணிலும் தண்ணீர். கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்: "முடிஞ்சுதுண்ணே, ஓ.ஜி.தான். இனி யாரு கேட்டாலும் மாத்த மாட்டேன்."

எழுமலை அப்பா

மறுநாளே மாற்றினார். மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்குகிறவர் ஒருவர், குடல்வால் வெடித்த வயிற்றோடு இரண்டு நாள் சோடா குடித்தே சமாளித்துவிட்டு வந்து சேர்ந்தார். பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க, வயிற்றைத் திறந்து சீழைக் கழுவியது கண்மணி டாக்டர். வெளியே வந்தபோது நடக்கவில்லை, மிதந்தார். அதன்பின் கேசுக்கு ஒரு மாற்றம். எட்டாம் நாள் முடிய மொத்தம் பதினொன்று. மாப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன்; நேரில் கேட்கக் கூச்சம்.

நடுவில் ஒரு நாள் எழுமலையிலிருந்து அவர் அப்பா வந்தார். விவசாயி. ஓ.ஜி.யைத்தான் எடுக்க வேண்டும், பொம்பளை சர்ஜனிடம் ஆம்பளை வர மாட்டான் என்று வராந்தாவில் வைத்தே மகளிடம் வாதாடினார். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடை பழகிய பூமூட்டைக்காரர் நின்று முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "வலி வந்தப்ப ஆணா பொண்ணான்னு பாக்க எங்கண்ணே நேரம்? சோடாக்காரனையே டாக்டர்னு நம்பி ரெண்டு நாள் கெடந்தவன் நான்."

பத்து போய் ஒன்பது

கடைசி நாள் காலையும் சிசேரியன். குழந்தை அழுதாயிற்று. கர்ப்பப்பையைத் தைத்து முடித்த ஓ.ஜி. பெரிய டாக்டர் மேடம், வயிற்றை மூட ஊசி கேட்டார். எண்ணினேன்: பத்து போனது, ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், ஒன்பதே. "ஒன்னு குறையுது மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடத்துக்கு எதிரே உதவிக்கு நின்ற கண்மணி டாக்டருக்குக் கேட்டது. ஓரத்தில் ஒன்றை வைத்து மறந்தது தான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டு கையை உள்ளே விட்டார். கர்ப்பப்பையைத் தாண்டி, குடலை ஒதுக்கி, ஈரலுக்குக் கீழே வரை போய்ப் பத்தாவதைக் கொண்டுவந்தார்.

அரை மணி கழித்து, அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, விருப்பத்தைப் பூட்டினார். எது என்று கேட்டேன். நானாக ஒரு டாக்டரிடம் கேள்வி கேட்டது தியேட்டர் வேலைக்கு வந்த இந்த இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"சர்ஜரிண்ணே. கொழந்த வந்ததும் எல்லாருக்கும் வேல முடிஞ்சிருச்சு, எனக்கு அப்பத்தான் ஆரம்பிச்சுது. மாப்பு கெடச்ச பெறகும் கைய எடுன்னு மேடம் ரெண்டு வாட்டி சொன்னாங்க. எடுக்க மனசே வரல."

படித்தது அவர், பூட்டியது அவர். அந்தச் சந்தோஷத்தில், ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதையே மறந்து வில்லாபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ்ஸில் போய் இறங்கியது மட்டும் நான்.