கிணற்றுக்குள் இறங்கிய புகை

மாதாவின் பிள்ளைகளே, என் தங்கை லூர்து இன்று மூச்சு விடுகிறாள் என்றால் அது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1983 பங்குனி மாதம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மல்லசமுத்திரம் பக்கம் ஒரு மரவள்ளிக் கிழங்கு மில்லில் நானும் லூர்துவும் களத்தில் ஜவ்வரிசி காய வைக்கும் வேலை செய்தோம். என் வீட்டுக்காரர் அங்கேயே மருந்துக் கொட்டகைக்குப் பொறுப்பு. ஜவ்வரிசியை வெளுக்க வைக்கும் ஆசிட்டும் பிளீச்சிங் தண்ணீரும் அங்கேதான் இருக்கும். லூர்துவுக்கு ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் கல்யாணம். பேச்செல்லாம் சேலையைப் பற்றித்தான்.

உச்சி வெயிலில் லாரியிலிருந்து ஆசிட் ஜாடி இறக்கினார்கள். ஒன்று கைநழுவி உடைந்தது. ஆசிட் தரையில் ஓடி, பிளீச்சிங் டிரம்மின் கீழே கசிந்து தேங்கியிருந்த குட்டையில் போய்க் கலந்தது. மஞ்சளும் பச்சையுமாய் ஒரு புகை கிளம்பியது. கண்ணும் தொண்டையும் மிளகாயை அரைத்து அப்பியது போல எரிந்தது.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் மாவு விழுந்தாலும், வியர்வை எரிந்தாலும், மில் கிணற்றுப் படியில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு வருவோம். அன்றும் களத்துப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். கோடையில் தண்ணீர் அடியில் கிடந்தது. லூர்து எல்லோருக்கும் முன்னால் அடிப்படிக்கே போய்விட்டாள்.

நான் களத்தின் மேட்டுக் கோடியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் நின்று கத்தினார்: "கெணத்துல எறங்காதீங்க புள்ளைகளா! இந்தப் பொகை கனம், பள்ளத்துக்குத்தான் வரும்! மேட்டுக்கு ஓடுங்க!"

இதை அவர் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். "ஏனுங்க, சோத்துல கூட ஆசிட்டுதானா?" என்று கிண்டல் செய்தவள் நான். இப்போது கண் முன்னால் அந்தப் புகை தரையோடு தரையாக ஊர்ந்து கிணற்றை நோக்கிப் போனது. இலை அசையவில்லை. கரண்டும் இல்லை, மோட்டார் போட்டுத் தண்ணீர் பீய்ச்சலாம் என்றால். அவர் சுண்ணாம்பையும் மணலையும் அள்ளி ஆசிட் மேல் கொட்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினால் புகை இன்னும் பெருகும்.

கிணற்று மேட்டுக்கு ஓடினேன். "லூர்து, மேல வா சாமி!" என்று அலறினேன். இருமல்தான் பதிலாக வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். நெஞ்சு அடைத்தது. திரும்ப ஏறி வந்து விழுந்தேன். என் தங்கை கண்ணெதிரே சாகப் போகிறாள் என்று தோன்றியது.

செபமாலை சொல்ல நேரமில்லை. சண்டைதான் போட்டேன். "ஏம்மா, உம்புள்ளை சிலுவையில கெடந்தப்ப நீ கீழ நின்னு பாத்தியே, அந்த வேதனை உனக்குத் தெரியாதா? எனக்குக் காத்தை அனுப்பு. வேற ஒண்ணும் வேண்டாம்!"

முதலில் என் முக்காடு ஆடியது. பிறகு மேற்கிலிருந்து வந்தது பாருங்கள் காற்று! களத்து ஜவ்வரிசியை வாரி இறைத்தது. கிணற்றுக்குள்ளும் சுழன்று, புகையை வெளியே தள்ளிக்கொண்டு போய், ஆளில்லாத கிழங்குக் காட்டில் விட்டது. அங்கே இலையெல்லாம் கருகிப் போனதைப் பிறகு பார்த்தோம்.

மறுபடி இறங்கினேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். லூர்து அடிப்படியில் மயங்கிக் கிடந்தாள். நானும், எங்களோடு களத்தில் வேலை செய்த பாப்பாயி அக்காவும் தூக்கி வந்தோம். முதலாளி தன் காரிலேயே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எங்கள் கோவில் பங்கு மக்கள் முழுக்க அவளுக்காகச் செபித்தார்கள். பாஸ்காவுக்கு முந்தின பெரிய வியாழன் அன்றுதான் வாய் திறந்தாள். "அக்கா, கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டீங்களா?" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதன் பிறகு ஆசிட் ஒரு கோடிக்கும் பிளீச்சிங் மறு கோடிக்கும் போனது. இரண்டுக்கும் பக்கத்தில் மணலும் சுண்ணாம்பும் குவித்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கம்பத்தில் ஒரு துணி கட்டினார்கள். புகை வந்தால் எங்கே ஓடுவது என்று என் வீட்டுக்காரர் பெண்களுக்கெல்லாம் ஓடிக் காட்டிப் பழக்கினார். கிண்டல் செய்யாமல் முதலில் ஓடியவள் நான்தான்.

"அது சும்மா வெயில் காத்துங்க" என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். இருக்கட்டும். நான் கேட்டது காற்றைத்தானே?

லூர்து இப்போது கோவிலில் பாடுகிறாள். நீளமான அடி வந்தால் அவளுக்கு மூச்சு இரைக்கும், நடுவில் நிறுத்தி இழுத்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டால் நன்றியில் கண் நிறைந்துவிடும்.

உங்களுக்கும் கை எட்டாத பள்ளத்தில் உங்கள் உயிரானவர் கிடக்கும் நேரம் வரலாம். அழகான வார்த்தை தேடாதீர்கள். மாதாவிடம் உரிமையோடு சண்டை போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.