பாய்மரமும் கரண்டு கம்பியும்

ஜனவரி 18, ஞாயிறு. வழக்கம்போல மாலையில் ஏரிக்கரையில் நடந்தேன். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர் ஒருவர், மடக்கக்கூடிய தன் சிறிய பாய்மரப் படகைக் கரையேற்றி, காருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில் வைத்தார். ஈரப் பாயைக் கழற்றி, சுடாத பொம்மையைத் தொடுவதுபோலப் பதமாகத் துடைத்து மடித்தார். ஆனால் அலுமினியப் பாய்மரத்தை நட்டபடியே விட்டுவிட்டுக் காரைக் கிளப்பினார். பாதைக்கு மேலே மின்கம்பி தாழத் தொங்கியது. நான் குறுக்கே நின்று, பாய்மரத்தைக் கழற்றச் சொன்னேன்.

“நாளைக்கும் வரணுங்க. எதுக்குக் கழட்டி மாட்டிக்கிட்டு?”

“மேல கரண்டு கம்பி இருக்குது, கண்ணு தெரியலையா?”

“ஒங்க வூட்டுக் கம்பியா?”

“யாரு கம்பியா இருந்தா என்ன, சாவப்போறது நீங்க!” என்று கத்தினேன்.

முணுமுணுத்தபடியே கழற்றினார். பாய்க்குக் காட்டிய பதத்தைத் தன் உயிருக்கு ஏன் காட்டவில்லை? படுத்த பிறகும் கோபம் ஆறவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ஏரிக்குப் போனேன். அவர் கம்பியைத் தாண்டி வந்து நிறுத்தித்தான் பாய்மரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.