எழுதாமல் விட்ட துடிப்புகள்

ஸ்டெல்லா போய்விட்டார் என்று அவர் கணவர் ஜெபராஜ் நியூ ஜெர்ஸியிலிருந்து போன் செய்தபோது என் வாயில் முதலில் வந்த கேள்வி, "ஹார்ட்டா?" என்பதுதான். இல்லை, கல்லீரலில் புற்றுநோய், மூன்று மாதமாக. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் கட்டளை என்றார். அப்படிக் கேட்டதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் எங்களோடு இருந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. துக்கச் செய்தியிலும் தன் நாடியைப் பிடித்துப் பார்க்கிற ஆள் நான்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குக் கம்ப்யூட்டர்களைத் தயார்செய்யும் வேலைக்காக ஈரோட்டிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்தவன் நான். ஸ்டெல்லா நாகர்கோவில்காரர்; ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் இதயத் துடிப்புப் பதிவுகளைப் படித்துக் குறிக்கும் டெக்னீஷியன். என் வயதுதான். இருவர் வீடும் ஒரே தெருவில். அவர்கள் நியூ ஜெர்ஸிக்குக் குடிபோகும் வரை இரண்டு வருடம், காலையில் என் காரில் சேர்ந்து போவோம், மாலையில் சேர்ந்து திரும்புவோம்.

வந்த வருடமே என் நெஞ்சு குதிக்கத் தொடங்கியது. ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று தப்பும்; அடுத்தது ஓங்கி அடிக்கும். அந்த இடைவெளியில் நான் செத்துப் பிழைப்பேன். டாக்டரிடம் போகவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் இருந்தது. ஹார்ட் பேஷண்ட் என்று எங்காவது பதிவாகிவிட்டால் மெடிக்கல் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். மனைவி வசந்தியிடமும் மூச்சு விடவில்லை. ஃப்ரீவேயில் மயக்கம் வந்தால் என்ன ஆவது என்று, அதை ஒட்டி ஓடும் ஃபீடர் ரோட்டிலேயே சிக்னல் சிக்னலாக நின்று போனேன்.

ஒரு வாரம் பொறுத்தார் ஸ்டெல்லா.

"ஃப்ரீவேல என்ன, பேய் இருக்கா? தெனமும் இருபது நிமிஷம் லேட்டாக்கும்," என்றார். கொஞ்சம் கழித்து, "கழுத்துலேர்ந்து கைய எடுங்க. ஸ்டியரிங் அங்க இல்ல," என்றார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கிரீன் கார்டு மெடிக்கல்ல டி.பி. இருக்கான்னு பாப்பான், தடுப்பூசி போட்டாச்சான்னு பாப்பான். ஒங்க நெஞ்சு துள்ளுறத எவன் பாக்கான்? ஆனா டாக்டர் பாக்கணும். இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் எடுங்க. வசந்திட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

டாக்டர் மாட்டச் சொன்னார்: இடுப்பில் துடிப்பை டேப்பில் பதியும் ஒரு பெட்டி, நெஞ்சில் ஒயர்கள், ஒரு நாள் முழுக்க. குதிக்கும்போதெல்லாம் நேரத்தையும் அப்போது என்ன செய்தேன் என்பதையும் ஒரு சின்னப் புத்தகத்தில் எழுத வேண்டும். அது யார் யார் கைக்குப் போகுமோ என்று பயந்து நான் தமிழில் எழுதிவிட்டேன். 'மேனேஜர் கூப்பிட்டார், இரண்டு. தயிர் சாதம், ஒன்று, பெரியது.' ஸ்டெல்லாவின் மருத்துவமனையில் எல்லோரும் அதை வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். கடைசியில் ஸ்டெல்லாதான் உட்கார்ந்து வரிவரியாக இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாளும் காரில் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. "டாக்டர் சொல்லணும். நான் சொல்லப்பிடாது," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையில் அவர் அப்படித்தான், நண்பன் பதறினாலும் விதி விதிதான். நானோ, சொல்ல முடியாத அளவுக்கு மோசம் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, முக்கியமான பேப்பர்கள் எந்த டிராயரில் இருக்கின்றன என்று வசந்திக்குக் காட்டி வைத்தேன். அவர்மேல் அப்போது நல்ல கோபம்.

டாக்டர் ஸ்கேனும் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இந்தக் குதிப்பால் ஆபத்தில்லை, காப்பியைக் குறைத்துக்கொண்டு ஒழுங்காகத் தூங்கு என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். அன்று மாலை காரில் ஏறியதும் ஸ்டெல்லா அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்.

"நீங்க எழுதினதவிட எழுதாம விட்டதுதான் டேப்புல கூடுதல். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வரிசையா துள்ளியிருக்கு. புக்குல ஒண்ணுமில்ல. அப்ப என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

யோசித்தேன். மகளோடு சீட்டாடி, அவள் கள்ளாட்டம் ஆடுகிறாள் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு குதிப்பைக்கூடக் கவனிக்கவில்லை.

"அதாக்கும்," என்றார்.

நான் அன்று ஃப்ரீவேயில் ஏறினேன். குதிப்பு நின்றுவிடவில்லை, இன்றும் வருகிறது. எண்ணுவதுதான் நின்றது. அந்த நிம்மதியை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. பல மாதத்துக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

நியூ ஜெர்ஸியில் அடக்க ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றபோது இதையெல்லாம் ஜெபராஜிடம் சொன்னேன். களைத்த முகத்தோடு சிரித்தார்.

"அவளுக்கும் அது உண்டுமே. கல்யாணத்துக்கு முன்னாலேயே உண்டு. ஒங்க வண்டில ஏறுறதுக்கு முன்ன, சில நாள் கதவப் பிடிச்சிட்டு ரெண்டு நிமிஷம் நின்னுட்டுத்தான் வருவா. ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா ரெண்டு பேருமா உக்காந்து எண்ணிட்டிருப்போம், வண்டிய யாரு ஓட்டுவான்னு கேப்பா."

அங்கேயே அழுதுவிட்டேன். இரண்டு வருடம், பக்கத்து சீட்டில் அவர் நெஞ்சும் குதித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. எனக்கு ஒரு தடவைகூடத் தெரியவில்லை. இந்தப் பயத்தோடு உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்த காலை ஒவ்வொன்றிலும் எனக்குத் துணை இருந்திருக்கிறது. அந்தத் துணையை நான் வைத்துக்கொள்கிறேன், ஸ்டெல்லா.