மூன்றுக்கு ஒரு வட்டம்

எங்கள் குடியிருப்பில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணி, கதவோரம் சாக்பீஸால் வட்டம் போட்டவள் நான். பட்டினப்பாக்கம் கடற்கரையை ஒட்டிய மாடி வீடுகள். மீன் விற்கும் குடும்பங்கள்தான் அதிகம். அடையாறு பக்கத்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம் ரத்த அழுத்தத் திட்டத்தோடு எங்களிடம் வந்தபோது, வீடு வீடாகப் போக உள்ளூர் ஆள் ஒருத்தி வேண்டும் என்றார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அழகாக இருக்கும். அதிகம் பேசமாட்டேன். மூன்றையும் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

எல்லா வீட்டையும் பார்க்க ஆளும் மருந்தும் போதாது, மூன்றில் ஒன்றைப் பார்த்தாலே மொத்தக் குடியிருப்பின் நிலவரம் தெரிந்துவிடும் என்று திட்டத்தை நடத்தும் பேராசிரியை விளக்கினார். அவரும் டாக்டர்தான். நாங்கள் மேடம் என்போம். எனக்குப் புரிந்தது. வட்டம் விழாத வீடுகளுக்கு அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"வோட்டு கேக்க சொல்லோ எல்லா வூட்டுக்கும் வர்றாங்கோ. வைத்தியம்னா மட்டும் எண்ணிக்கினு போறியேமே?" என்றாள் ஒருத்தி.

"எங்க வூட்ல ரத்தம் ஓடல, மீன் கொழம்புதான் ஓடுதுன்னு எழுதிக்கோ," என்று பின்னாலிருந்து இன்னொருத்தி. மாடிப்படி முழுக்கச் சிரித்தது. நான் குனிந்துகொண்டு அடுத்த கதவை எண்ணினேன்.

இரண்டாம் மாடியில், லூப் ரோட்டில் மீன் விற்கும் ஓர் அக்காவின் வீட்டில் வட்டம் விழுந்தது. அடுத்த வீட்டில் அவருடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. அங்கே விழவில்லை. அக்காவுக்கு அழுத்தம் அதிகம் என்று தெரிந்ததும் தினம் ஒன்று போட மாத்திரை கொடுத்தார்கள். வேறு யாருக்கும் தரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் போய் மெஷினில் அழுத்தம் பார்த்து, மாத்திரை அட்டையில் மீதி எத்தனை என்று படிவத்தில் எழுத வேண்டும்.

மற்ற வீடுகளில் இரண்டு, மூன்று மாத்திரை மிச்சமிருக்கும். ஊருக்குப் போனோம், மறந்துட்டோம் என்பார்கள். அக்காவின் அட்டை மட்டும் எப்போதும் சுத்தமாகக் காலி. ஆனால் மெஷினில் எண் இறங்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓரகத்தி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், கத்தரியால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டு ஒன்று செருகியிருந்தது. நாங்கள் கொடுக்கிற அதே அட்டை. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அக்காவிடம் கேட்டேன். அவர் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா, குட்த்தேன். அதுக்கு இன்னா இப்போ? அவளுக்கும் அதே தலவலி, அதே கிறுகிறுப்பு. ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவளுக்கு. ஏலத்துல ரெண்டு பேரும் சேந்து ஒரு கூறு எட்த்து பிரிச்சிக்கிறோம். இத்த மட்டும் நான் ஒண்டியா துன்னணுமா?"

ஏலத்தில் மீனைக் குவியலாகத்தான் விடுவார்கள். அதுதான் கூறு. ஒருத்தியால் முழுதாக எடுக்க முடியாவிட்டால் இருவராக எடுத்து மணலிலேயே பிரித்துக்கொள்வார்கள். அதிலேயே வளர்ந்த எனக்கு, அக்கா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"மேடத்தாண்ட சொல்லப் போறியா?"

"தெரியலக்கா."

"சொன்னீன்னா எனக்கும் நிறுத்திடுவாங்கோ. அப்பால அவளுக்கு யாரு குடுப்பா, நீயா?"

அன்றும் அடுத்த முறையும் 'மீதி இல்லை' என்று எழுதினேன். பொய் இல்லை. அட்டையில் மீதி இல்லைதான்.

அந்த மாதம் பல்கலைக்கழகத்தில் நடந்த திட்டக் கூட்டத்தில் அக்காவின் எண் திரையில் வந்தது. பெயர் போடமாட்டார்கள், வீட்டு எண் மட்டும். "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடுறாங்க, ஆனாலும் குறையல. திங்கட்கிழமைலேர்ந்து டோஸை டபுள் பண்ணிடலாம்," என்றார் மேடம். அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். என் இடம் எப்போதும் கதவோர நாற்காலி. அங்கே உட்கார்ந்து யோசித்தேன். ஒருநாள் ஒன்றுமில்லாமல், மறுநாள் இரண்டு மடங்கு. அக்கா வெயிலில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டுபவர். கிறுகிறுத்தால் அதன் மேலேயே விழவேண்டியதுதான். எந்த டாக்டரும் தொட்டுப் பார்க்காத ஓரகத்திக்கும் அதே இரண்டு மடங்கு போகும். பேச வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு எண் திரைக்கு வந்துவிட்டது.

டீக்கு எல்லாரும் எழுந்தபோது வராந்தாவில் மேடத்தின் அருகில் போய் நின்றேன்.

"மேடம், அந்த அம்மா தினமும் போடல. ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

"அட்டை காலின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"காலிதான் மேடம். பாதி பக்கத்து வூட்டுக்குப் போவுது."

"பக்கத்து வீட்டம்மாவுக்கு பிரஷர் எவ்வளவு?"

"தெரியாது மேடம். யாரும் பாக்கல. அந்த வூட்ல வட்டம் இல்ல."

மேடம் டீ கப்பைக் கீழே வைத்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். ஒரு மாதமாக என்றேன். திட்டவில்லை. உள்ளே போய் டோஸ் மாற்றத்தை ரத்து செய்துவிட்டு வந்து, "நாளைக்கு நானே வர்றேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மேடம் வந்து ஓரகத்திக்கு இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எண் அக்காவுடையதைவிட அதிகமாக இருந்தது. வட்டம் விழாத வீடு என்பதால் திட்டத்தின் விதிப்படி அவரைச் சேர்க்க முடியாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதி, அங்கிருந்த டாக்டரிடம் போனிலும் பேசினார். கூட்டிக்கொண்டு போனவள் நான். திரும்பும்போது ஓரகத்தியின் கையில் அவர் பெயர் எழுதிய சீட்டும், அவருக்கென்று முழு அட்டைகளும் இருந்தன. அக்காவுக்கும் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனாலும் அவர் என்னிடம் பேசவில்லை. "காட்டிக் குட்த்துட்டா மவராசி" என்று மாடிப்படியைப் பார்த்துச் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு எங்கள் படிவத்தில், 'பக்கத்து வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?' என்று ஒரு வரி சேர்ந்தது. மாதத்தில் ஒரு சாயங்காலம், வட்டம் இல்லாத வீட்டுக்காரர்களும் வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது. முதல் சாயங்காலம் வரிசை தெரு வரைக்கும் நின்றது.

ஆடி மாதக் கடைசியில் அக்கா வீட்டுக்கு அட்டை எண்ணப் போனேன். இரண்டு மாத்திரை மிச்சமிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமே மொறைக்கிற? கோயில்ல கூழு ஊத்துன ரெண்டு நாளு மறந்துட்டேன்."

"பக்கத்து வூட்டுக்கு...?"

"அவளுக்கு இன்னாத்துக்கு? அவளுக்குதான் தனியா கீதே."

மெஷினைக் கட்டினேன். எண் முதல்முறையாக இறங்கியிருந்தது. சொன்னேன். அக்கா எட்டிப் படிவத்தைப் பார்த்தார்.

"மிச்சம் ரெண்டுன்னு எழுதிட்டியா? நல்லா எழுதிக்கோ. வாய்தான் இல்ல, கையெழுத்தாவது கீதே உனக்கு."

மீதி இரண்டு என்று எழுதினேன்.