பழவேற்காட்டில் ஒரே ஒரு சைலன்சர்

பைக்கில் மற்ற எல்லாப் பாகத்தையும் வண்டி ஓடுவதற்காக மாற்றுவார்கள். சைலன்சரை மட்டும் ஊர் திரும்பிப் பார்ப்பதற்காக மாற்றுவார்கள்.

இதைப் படிக்கிற மெக்கானிக்குகளுக்கு விளக்கம் தேவையில்லை, அவரவர் கையில் சூடுபட்ட தழும்பே சாட்சி. மற்றவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. கம்பெனி சைலன்சரை உப்புக் காற்று அடிப்பக்கமாகத் தின்று ஓட்டை போட்டுவிடும். ஓட்டை விழுந்தால் புதுசு மாட்டத்தானே வேண்டும், மாட்டுவதுதான் மாட்டுகிறோம், கொஞ்சம் சத்தமாக ஒன்று மாட்டினால் என்ன என்று மனுஷனுக்கு ஆசை வரும். அந்த ஆசையை நம்பித்தான் நான் கடை வைத்தேன்.

போர்டு

எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கு மட்டும் போட்டில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். கடலுக்கு வேண்டாம், ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவுக்குப் போய் இறங்குவதற்குள்ளேயே எனக்கு நாலு பேர் தண்ணீர் தெளிக்க வேண்டும். மீனவர் வீட்டில் பிறந்து இப்படி ஒரு வியாதி இருந்தால் என்ன செய்வது? தரையில் நிற்கிற வேலையாகப் பார்த்து மெக்கானிக் ஆனேன். டச்சுக் கல்லறைச் சுவருக்கு எதிரில் கடை. நிழலும் அங்கேதான், வாடிக்கையாளர் வண்டிகளும் அங்கேதான்.

பஞ்சர் ஒட்டி, ஆயில் மாற்றி அலுத்துப்போன ஒரு நாள், வண்டிப் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போய் ஒரு சைலன்சர் வாங்கி வந்தேன். பளபளவென்று நீளமாக, கிளாம்ப் போட்டு எந்த வண்டிக்கும் மாட்டக்கூடிய சாதி. ஸ்டார்ட் பண்ணினால் வயிற்றுக்குள் உறுமும். 'சைலன்சர் ஸ்பெஷலிஸ்ட்' என்று சிவப்பு எழுத்தில் போர்டும் எழுதி மாட்டிவிட்டேன். இது ஒன்று நிலைத்தால் அடுத்து பத்து வாங்கலாம் என்பது கணக்கு. என் மனைவி கலா போர்டை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கொழா மூணு வாட்டி திரும்பி வந்துச்சுன்னா போர்டை நானே எறக்கிடுவேன். அப்பால எந்தம்பி போட்டுல ஏறி ஒழுங்கா வலை இழு. வாந்தி வந்தா எடு, மீனு துன்னுட்டுப் போவுது." சரி, பந்தயம் என்றேன்.

ஏஜென்ட் வந்துவிட்டார்

முதலில் மாட்டிக்கொண்டவர் தணிகாசலம் அண்ணன். நண்டு, இறால் எல்லாம் மொத்தமாக ஏலம் எடுக்கிற ஏஜென்ட். புல்லட் வைத்திருந்தார். மாட்டி முடித்து ஒரு முறுக்கு முறுக்கினேன். கல்லறைச் சுவர் மேல் இருந்த காக்காயெல்லாம் எழுந்து சுண்ணாம்புக்குளம் பக்கம் போய்விட்டன. அண்ணனுக்கு முகமெல்லாம் பல். ஒரே வாரத்தில் அந்தச் சத்தம் ஊருக்குப் பழகிவிட்டது. ஏரியில் வலை போட்டிருக்கிறவர்கள் கரையைப் பார்க்கவே வேண்டாம், புல்லட் சத்தம் கேட்டால் ஏஜென்ட் வந்துவிட்டார், ஏலம் ஆரம்பிக்கப் போகிறது, வலையை எடு, கரைக்கு விடு. அவ்வளவுதான்.

ஒரு நாள் அண்ணன் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோய், விடிந்ததும் விடியாததுமாக டீ குடிக்கப் படகுத்துறைப் பக்கம் வண்டியை எடுத்தார். டீ மட்டும்தான். ஆனால் சத்தம் கேட்ட அத்தனை பேரும் பாதி வலையோடு கரைக்கு வந்துவிட்டார்கள். ஏரியில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முறை வைத்துத்தான் இடம் கிடைக்கும், அதற்குப் பெயர் பாடு. அன்றைய பாட்டை விட்டால் அடுத்த முறை சுற்றி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டீக்கடை பெஞ்சைச் சுற்றி ஊரே நின்று அண்ணனைக் கேட்ட கேள்விகளை எழுதினால் இதை அச்சடிக்க மாட்டார்கள். அன்று பத்து மணிக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே கடைக்கு வந்தார். "கயட்டிருபா. எம் பொண்டாட்டிகூட என்னிய பாக்க இவ்ளோ வேகமா ஓடியாந்ததில்ல."

நைனாவின் காது

அடுத்து வந்தவன் சுண்ணாம்புக்குளம் ரமேஷ். கல்யாணமான புதுசு. பொன்னேரியில் வேலை முடித்துச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, தான் வருகிறது தெருவுக்கெல்லாம் தெரிய வேண்டும் என்பது அவன் ஆசை. மாட்டிக் கொடுத்தேன். பெண்டாட்டிக்கும் சந்தோஷம். சத்தம் தூரத்தில் கேட்டதும் தட்டு வைத்தால், அவன் கை கழுவும்போது சோறு சுடச்சுட இருக்கும். புது மாப்பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு, ரமேஷின் அப்பா. எல்லோரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கிறவர். கண் சரியாகத் தெரியாது, காது மட்டும் பாம்புக்காது. எந்த போட் மிஷின் யாருடையது என்று படுத்துக்கொண்டே சொல்வார். அவர் நாலு நாள் கேட்டுவிட்டு ஐந்தாம் நாள் மருமகளைக் கூப்பிட்டு, "தெனிக்கும் மீன் வறுவல் கடையாண்ட சத்தம் நின்னு, அப்பால தாம்மா மறுபடி கெளம்புது" என்று சொல்லிவிட்டார். விஷயம் என்னவென்றால், பெண்டாட்டி வைக்கிற குழம்பில் காரம் பத்தவில்லை. அதைச் சொல்லத் தைரியமில்லாத பயல் தினம் வழியில் ரெண்டு துண்டு வறுவல் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பசியே இல்லாதவன்போலக் கொறித்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்று அவனுக்குக் கிடைத்த குழம்பில் காரத்துக்குக் குறையே இல்லையாம். மறுநாள் கடைக்கு வந்தபோது கண் இன்னும் சிவந்திருந்தது. நான் கிளாம்பைத் தளர்த்தும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னான்: "ஓடும்போது இது கத்துறது தப்பில்லண்ணா. நிக்கும்போது கத்தாம இருக்குது பாரு, அதான் மாட்டி வுட்ருச்சு."

அன்று ராத்திரி கலா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தாள். ரெண்டு விரலை மட்டும் காட்டினாள்.

குழம்புக்குப் பத்தவில்லை

மூன்றாவது பசியாவரம் முனுசாமி. தீவில் நாலு தெரு ஓட்டுவதற்குச் சத்தம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் இல்லை. என் கடை, என் போர்டு, என் வயிறு எல்லாம் அந்த ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் பத்தாது என்று உள்ளேயிருந்து சத்தத்தை அமுக்குகிற ஜல்லடையையும் கழற்றச் சொன்னான். கழற்றினேன். இப்போது அது ரெண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய். வண்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு போனவன், கரையோரத் தண்ணீரிலேயே இறக்கி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு ஏரியில் தண்ணீர் ஏறி இறங்கியிருக்கிறது. மறுநாள் காலை போன்: "மெக்கானிக்கு, வண்டி மூச்சு வுட மாட்டேங்குது, வா."

தலை சுற்றச் சுற்றப் போய் இறங்கினேன். சைலன்சர் நிறையச் சேறு. குச்சி விட்டு முடிந்த மட்டும் நோண்டி எடுத்துவிட்டு உதைக்கச் சொன்னேன். கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் நாலைந்து பெண்கள் ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமி உதைத்தான், உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு வெடி. குழாயிலிருந்து தண்ணீர், சேறு, அதற்குப் பின்னால் ஒரு நண்டு, காலெல்லாம் விரித்துக்கொண்டு பறந்து போய் அந்தப் பெண்களுக்கு நடுவில் விழுந்தது. சிரிப்பில் பறிகளெல்லாம் வாயிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தன. நானும் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், என் போர்டு அங்கேயே இறங்கிவிட்டது என்பது தெரிந்தும். அதற்குப் பிறகு முனுசாமி அந்தத் தீவில் அதை வைத்துக்கொண்டு தலைகாட்ட முடியுமா? அந்த இடத்திலேயே கழற்றச் சொல்லிவிட்டான். நண்டைப் பிடித்த அக்கா மட்டும் பறியை எடுத்து, அவனைப் பார்த்து ரொம்பப் பொறுமையாகக் கேட்டாள்: "தம்பி, ஒண்ணு தான் வந்துச்சு, கொழம்புக்குப் பத்தல. இன்னும் ஒரு ஒதை ஒதைக்கிறியா?"

பனி

பந்தயம் பந்தயம்தான். மார்கழியில் ஒரு நாள் குறித்து, மச்சினன் சேகரோடு நான் கடலுக்குப் போக வேண்டும் என்று கலா முடிவு கட்டினாள். மோந்து பார்க்க எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்தாள். நான் கிளம்பினேன், கடையைப் பூட்டினேனா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன், சாவியைப் பார்த்துவிட்டு வந்தேன், வருவதற்குள் போட் போய்விட்டது. பொழுது விடிந்ததும் கலா சுத்தியலோடு கடைக்கு வந்தாள். போர்டில் ஒரு ஆணியைப் பிடுங்கிவிட்டாள், போர்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. ரெண்டாவது ஆணியில் கை வைக்கும்போதுதான் ஏரி காணாமல் போனதைப் பார்த்தோம். அப்படி ஒரு பனி. எதிரிலிருந்த கல்லறைச் சுவர்கூடத் தெரியவில்லை. அவள் போனில் சேகர் கூப்பிட்டான். முகத்துவாரம் தாண்டி ஏரிக்குள் வந்துவிட்டார்கள், ஆனால் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம், கொஞ்சம் அசந்தால் போட்டைத் திரும்ப முகத்துவாரத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். அங்கே அலை புரட்டிப் போட்டுவிடும். போனில் பேசலாம், பாட்டுக்கூடப் பாடலாம், கரை எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்ல முடியாது. கலாவின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது.

படகுத்துறைக்கு ஓடினோம். ஆளாளுக்குக் கத்துகிறார்கள், பனி அத்தனையையும் விழுங்கிக்கொண்டது. ஏலத்துக்கு வந்த தணிகாசலம் அண்ணன் தன் புல்லட் பக்கத்தில் செய்வதறியாமல் நின்றார். அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு டீக்கடை பெஞ்சும் பாதி வலையும் ஞாபகம் வந்தது. திரும்பக் கடைக்கு ஓடிக் குழாயை எடுத்து வந்தேன். அண்ணன் வண்டி அப்போதுதான் ஓடி வந்து நின்றது, கம்பெனி சைலன்சர் அடுப்பாகக் கொதிக்கிறது. கந்தலைச் சுற்றிக் கழற்றினேன், உள்ளங்கை வெந்தது, கேஸ்கெட் வைக்கவில்லை, கிளாம்பை ஒரே போல்ட்டில் முடுக்கிவிட்டு ஆக்சிலேட்டரைப் பிடித்து முறுக்கினேன். ஜல்லடையும் இல்லாத குழாய் அல்லவா, என் காதே அடைத்துக்கொண்டது. கலா போனில் அலறினாள், "மிஷினை நிறுத்திட்டு கேளுடா, மிஷினை நிறுத்திட்டு கேளு." நிறுத்தினால் தண்ணீர் இழுக்கும். நிறுத்தாவிட்டால் கேட்காது. சேகர் நிறுத்தினான். கலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, கேட்கிறதாம் என்று தலையை ஆட்டினாள், அழுதுகொண்டே. நான் கையை விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பனியிலிருந்து ஒரு மூக்கு நீட்டியது, அது சேகர் போட். கலா முட்டியளவு தண்ணீரில் இறங்கிப் போய் அவனை முதலில் ஒரு அறை விட்டாள், பிறகு கட்டிக்கொண்டாள். அவனுக்குப் பின்னால் ரெண்டு போட், அதற்குப் பின்னால் வழி தவறவே தவறாத, ஏரியில் வலை போட்டிருந்த ஆட்கள் அத்தனை பேரும் பாதி வலையோடு வரிசையாக வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்த பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாபா, இத்தினி சீக்கிரம் ஏலம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

தீர்ப்பு

சாயங்காலம் ஊர்க்கூட்டம். எனக்குக் கையில் கட்டு, மனசில் ஏகப்பட்ட கணக்கு. இத்தனை பேர் கண்ணால் பார்த்தபிறகு ஆளுக்கொன்று கேட்கமாட்டார்களா, பத்து என்ன, இருபதே வாங்கிவிடலாம் என்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஊர்த் தலைவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கொழா ஊருக்குச் சொந்தம், மெக்கானிக்கு கடையிலயே தொங்கட்டும். பனி வந்தா எடுத்து மாட்டு. ஆனா இதே மாரி ரெண்டாவது ஒண்ணு ஊருல கேக்கவே கூடாது. ரெண்டு பக்கம் சத்தம் வந்தா, போட்டுல இருக்கிறவன் எந்தப் பக்கம் வருவான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன், வேறென்ன செய்ய? கடைக்கு வந்து குழாயைச் சுவரில் மாட்டினேன். ஒரு வகையில் பார்த்தால் நாலாவது தடவையாகத் திரும்பி வந்துவிட்டது. கலா ஸ்டூலில் ஏறி, பிடுங்கிய ஆணியைத் தானே திரும்ப அடித்து, போர்டை நேராக்கினாள். இறங்கி வந்து என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துப் பார்த்தாள். "போர்டு இருந்துட்டுப் போவட்டும். நீ போட்டுல ஏற வேணாம், கரையிலயே கெட."

ஆக, விற்கவும் கூடாத, வாங்கவும் கூடாத ஒரே ஒரு சைலன்சருக்கு ஸ்பெஷலிஸ்டாக, கையில் பஞ்சர் பசையோடு மார்கழிப் பனிக்குக் காத்திருக்கிற மெக்கானிக் இந்தக் கடற்கரையிலேயே நான் ஒருவன்தான்.