ஏணிக்கார ராக்காயி

எங்கள் மலையூர் பூண்டியில் ராக்காயியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் குழந்தைவேல். அவருக்குக் காது மந்தம். இன்னொருத்தி அவளுடைய சிநேகிதி வடிவு. ராக்காயி தன் காட்டில் நின்று பேசினால் ஓடைக்கு அந்தப் பக்கம் களை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல் விடாமல் கேட்கும். மலைச்சரிவில் என் காடு அவள் காட்டுக்கு அடுத்த படித்தட்டு, ஆகவே நான் சொல்வதெல்லாம் காதால் கேட்டதுதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் ஏணிக்காரி, நான் குடைக்காரன்.

ஊரில் இரண்டே கட்சி. பஞ்சாயத்துத் தேர்தலில் ஒன்றுக்கு ஏணி சின்னம், மற்றதற்குக் குடை. 1960 தேர்தலில் குடைக்கு நின்றவர் எங்கள் திருமலைச்சாமி. அவருக்குப் பெருமாள்மலையில் இன்னொரு குடும்பம் இருந்தது. ராக்காயி விடுவாளா? பத்து நாள் வரப்பில் ஏறி நின்று கத்தினாள்.

"கட்டுனவள ஏமாத்துனவனுக்கு ஊர ஏமாத்த எம்புட்டு நேரமாகும்?"

"அது அவரு வீட்டுச் சோலி, ஊருக்கு என்னத்துக்கு?" என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். எடுபடவில்லை. ஏணிக்கு நின்ற ஞானவேல் ஜெயித்துத் தலைவரானார். அவர் வேறு யாருமில்லை, வடிவின் புருஷன். மனுஷனைக் குறை சொல்ல முடியாது. ஓடைத் தண்ணீரைக் குழாய் போட்டு ஊருக்குள் கொண்டுவந்தார். பொதிக் குதிரைகள் வழுக்கி விழும் பாதைக்குக் கல் பதித்தார். குடைக்காரனாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன்.

வடிவும் ராக்காயியும் பதினைந்து வருஷமாக மாத்தாள். இன்று உன் காட்டுக்கு நான் வேலைக்கு வருகிறேன், நாளை என் காட்டுக்கு நீ வா, கூலி கிடையாது என்ற ஏற்பாடு அது. பூண்டு பிடுங்கும்போது முதல் பிடியை மாத்தாள்தான் பிடுங்க வேண்டும். அவளை விட்டு வேறு ஆளைக் கூப்பிட்டால் அந்த உறவு அன்றோடு முறிந்தது, மறுபடி ஒட்டாது.

1965இல் அடுத்த தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வடிவு ஒரு காதுகுத்துக்கு அட்டுவம்பட்டி போனாள். வழியில் ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். தமயந்தி என்ற பெண் செம்பு நிறையக் கொடுத்தாள். வாங்கிய வடிவு குடிக்கவில்லை. அடுப்புக்கு மேலே புகையில் பூண்டுக் கட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் பூண்டின் தாளைப் பின்னிக் கட்டும் முடிச்சு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு விதம். ஒருத்தியுடையது இன்னொருத்திக்கு வராது. அங்கே தொங்கியது வடிவு தன் கையால் போட்ட முடிச்சு. யூனியன் ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று ஞானவேல் எடுத்துப்போன கட்டுகள்! அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளேயிருந்து பனியனோடு அவரும் வந்தார். பெண்டாட்டி முடிந்த கட்டைக் கொண்டுபோய் அந்த வீட்டில் தொங்கவிடுகிற புத்தி எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் வரும்.

சேதி ஊருக்குள் பரவியது. மறுநாளே இரண்டு கட்சியும் பேச்சை மாற்றிக்கொண்டன. ஒழுக்கம் போச்சு, மானம் போச்சு என்று நாங்கள் கூச்சல் போட்டோம். அதுவும் அதே திருமலைச்சாமியை மறுபடி நிறுத்திவிட்டு! "எங்க ஆளு தாலி கட்டிக் குடும்பம் நடத்துறாரு, அது வேற, இது வேற" என்று நானே பேசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது அது பெரிய நியாயமாகத்தான் பட்டது.

ராக்காயி சும்மா இருப்பாளா? "தண்ணி கொண்டாந்த மனுசனய்யா! அது அவரு வீட்டுச் சோலி, ஊருக்கு என்னத்துக்கு?" என்று வரப்பிலிருந்து முழங்கினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் தன் காட்டில் இருந்த வடிவுக்கும் அது கேட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு நேரே வந்தாள்.

"ஏன்டி, அன்னைக்குத் திருமலைச்சாமி பொண்டாட்டிக்காக அந்தக் கத்து கத்துனியே. அவ உனக்கு யாரு? நான் உனக்கு யாரு?"

"அது குடைடி..." என்று இழுத்தாள் ராக்காயி.

வடிவு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ராக்காயி காட்டில் பூண்டு முற்றித் தாள் மஞ்சளாகச் சாய்ந்தது. வடிவு வரவில்லை. மழை கூடிக்கொண்டு வந்தது. "ஏ புள்ள, வேற ஆளக் கூப்புடு. வெரசா பிடுங்கலேன்னா அம்புட்டும் மண்ணுக்குள்ளயே அழுகிரும்" என்றார் குழந்தைவேல்.

"அழுகட்டும். வேற ஆளக் கூப்ட்டா வடிவு எனக்கு இல்லாமப் போயிருவா" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் உரக்கச் சொன்னாள், சொல்லும்போதே அழுதுவிட்டாள். அன்று எனக்கு அவள்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் வடிவு தலை நிமிரவில்லை.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் ஞானவேல் ஓட்டுக் கேட்டு வந்தார். முன்னால் இரண்டு பேர் மூங்கில் ஏணியைத் தூக்கி வந்தார்கள். ராக்காயி விறுவிறுவென்று வரப்பில் ஏறினாள்.

"யோவ் ஞானவேலு! கட்டுனவள ஏமாத்துனவனுக்கு ஊர ஏமாத்த எம்புட்டு நேரமாகும்?"

முன்னால் பிடித்தவன் ஏணியைக் கீழே போட்டான். எங்களுக்குக் கொண்டாட்டம், கை தட்டினோம். சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினாள்.

"என்ன கை தட்டுறீங்க? உங்க ஆளு பெருமாள்மலையில பஜனையா பாடிக்கிட்டு இருக்காரு?"

தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம்.

ஞானவேல் ஜெயித்தார். அதுவும் போன தடவையைவிட அதிக ஓட்டில். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஊர் அவரை மன்னித்துவிட்டது.

மறுநாள் வெள்ளனே ராக்காயி காட்டுக்குள் வடிவு இறங்கி வந்தாள். குனிந்து முதல் பிடியைப் பிடுங்கி மண்ணைத் தட்டினாள். ராக்காயி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கே கண் கலங்கியது.

"வடிவு, உனக்காக நேத்து குடைக்குக் குத்திட்டேன்டி."

வடிவு கையில் இருந்த பூண்டைக் கீழே போட்டாள். "அடிப்பாவி! நானே ஏணிக்கில்ல குத்துனேன்!"

"அந்தாளுக்கா?"

"வீட்டுக்குள்ள இன்னும் விடல, தொழுவத்துலதான் கெடக்காரு. அதுக்காகக் குடைக்குக் குத்துவேனா? நான் உன் வாயத்தானடி கேட்டேன், உன் ஓட்டையா கேட்டேன்?"

ராக்காயி அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வடிவும் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எந்திரிடி, மழை வருது" என்றாள் வடிவு.